ரேஸ் 5வது லேப்ல பிரேக் பெடல் தரைக்குப் போகுதுன்னா

பிரேக் பேட்ல தப்பு இல்லங்க, பிரேக் ஃப்ளூயிட் (பெடல் அழுத்தத்தை வீலுக்குக் கொண்டுபோற எண்ணெய்) கொதிக்குது. பேட் சூடாகி பிடிக்கலன்னா பெடல் கல்லு மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிக்காது. உங்களுக்கு குவாலிஃபையிங்ல நல்லா இருந்துட்டு ரேஸ்ல 5வது லேப்ல பெடல் பஞ்சு மாதிரி கீழ போகுது, புது பேட் போட்டும் அதே கதைன்னா வேற யோசிக்கவே வேணாம்.

சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல காத்துல ஈரம் ஜாஸ்தி, ஃப்ளூயிட் அதை உறிஞ்சிக்கும். டாட் 4 ரக ஃப்ளூயிட் புதுசுல 230 டிகிரியாவது தாங்கும், ஈரம் ஏறிட்டா 155 பக்கத்துலயே கொதிச்சிடலாம். உங்க வண்டில இருக்கறது போன ரவுண்டு ரேஸுக்கு ஊத்தின ஃப்ளூயிடா?

பேடக்ல (வண்டிங்களை நிறுத்தி வேலை பாக்கற இடம்) நல்லா ஆறினப்புறம் பெடலை அமுக்கிப் பாருங்க, கொஞ்சமாவது கெட்டியாச்சுன்னா இதேதான். ப்ளீட் பண்ணும்போது, அதாவது பழைய ஃப்ளூயிடையும் குமிழியையும் வெளிய எடுக்கும்போது, வீல் பக்கம் பிரேக்ல இருக்கற நிப்பிள்ல உள்ள தெரியற மாதிரி டியூப் மாட்டுங்க, எனக்கு சனிக்கிழமை ராத்திரி டார்ச் வெளிச்சத்துல கடுகு கடுகா குமிழி வந்துச்சு, நாலு வீல்லயும் ஃப்ளூயிடை முழுசா மாத்தினோம், ஞாயித்துக்கிழமை கடைசி லேப் வரைக்கும் பெடல் நின்னுச்சு. செஷன் முடிஞ்சு வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதீங்க, வீலுக்குக் கட்டை வைங்க.

ஒண்ணு மட்டும், நிக்கற வண்டில பெடலை அமுக்கிப் பிடிச்சா மெதுவா இறங்குதுன்னா அது மாஸ்டர் சிலிண்டர் (பெடலை அமுக்கினா ஃப்ளூயிடைத் தள்ளுற சிலிண்டர்) சீல் போயிருக்கு, அதை மாத்தாம தயவுசெஞ்சு ரேஸ் கிளம்புற கிரிட்டுக்குப் போகாதீங்க.