ஏற்காட்டுச் செடிக்குச் சேலத்தில் என்ன ஆச்சு?

கேள்வி: ஏற்காடு நர்சரி ஒன்றில் எச்செவேரியா (ரோஜாப்பூ போல அடுக்கிய தடித்த இலைச் செடி) தொட்டி வாங்கி வந்து மொட்டைமாடியில் வைத்தேன். தினமும் தண்ணீர் தெளிக்கிறேன். மூன்றே வாரத்தில் இலையெல்லாம் பழுப்புப் புள்ளி. என்ன மருந்து அடிக்கலாம்?
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: மருந்து இருக்கட்டும், முதலில் புள்ளியை விரலால் தடவிப் பாருங்கள். வெயில் விழும் பக்கத்தில் மட்டும், காகிதம் போலக் காய்ந்து, பெரிதாகாமல் நின்றிருந்தால் அது வெயில் சுட்ட தழும்பு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்தில் வளர்ந்ததைத் திடீரென்று சேலத்து மொட்டைமாடியில் வைத்தால் அது என்ன செய்யும், பாவம். காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றுங்கள். தழும்பு மறையாது, புது இலை சுத்தமாக வரும்.

கறுத்துக் குழிந்து, நாளுக்கு நாள் வட்டம் பெரிதானால் பூஞ்சை. தினமும் தெளிப்பதாகச் சொல்கிறீர்களே, எனக்கு இதன் மேல்தான் சந்தேகம். அந்த இலைகளை அடியோடு கிள்ளி எறியுங்கள், தொட்டி மண்ணிலேயே போட்டு வைக்காதீர்கள். அப்புறம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லித் தூளை லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் கலந்து, முதலில் ஒரே ஒரு இலையில் அடித்துப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் மாலை நேரத்தில் முழுச் செடிக்கும் அடிக்கலாம். வேப்பெண்ணெய் வேண்டாம், இலைமேல் திருநீறு பூசினாற்போல இருக்கிறதே, அந்த மெழுகுப் பூச்சு போய்விடும்.

தெளிப்பானைத் தூக்கி உள்ளே வையுங்கள். மண் நன்றாகக் காய்ந்த பிறகு, இலையில் படாமல், வேருக்கு மட்டும் தண்ணீர். வெறும் செம்மண் என்றால் பாதிக்குப் பாதி பெருமணலும் செங்கல் சல்லியும் கலந்து மாற்றி நடுங்கள். தண்டே கறுத்து கொழகொழத்துவிட்டதென்றால் மேல்கொத்தை நறுக்கி, நான்கைந்து நாள் நிழலில் காயவிட்டுப் புது மண்ணில் ஊன்றிவிடுங்கள்.