டீபாட்டின் அடியில் 'ஹெச் பி': யார் செய்தது?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் டீபாட், பால் ஜக், சர்க்கரைக் கிண்ணம் மூன்றையும் வாங்கினேன். 'விக்டோரியா காலத்து வெள்ளி, ஒரே செட்' என்று சொல்லித்தான் விற்றார். டீபாட்டின் அடியில் சிங்கம், நங்கூரம், சிறிய 'ஏ' எழுத்து, ராணியின் தலை, அப்புறம் 'ஹெச் பி' என்று இருக்கின்றன. ஜக்கில் நங்கூரத்துக்குப் பதில் கிரீடம், எழுத்துகளும் வேறு, தலை இல்லை. கிண்ணத்தில் நான்கு சிறு கேடயங்களுக்குள் 'ஈ பி என் எஸ்'. இணையத்தில் தேடினால் 'ஹெச் பி' என்பது ஹெஸ்டர் பேட்மேன் என்ற புகழ்பெற்ற பெண் கைவினைஞரின் முத்திரை என்கிறார்கள். அது உண்மையா?

பதில்: இல்லை. அவராக இருக்க வாய்ப்பே இல்லை. அதை உங்கள் டீபாட்டில் உள்ள மற்ற நான்கு முத்திரைகளே சொல்லிவிடுகின்றன.

பெரும்பாலோர் முதலில் தேடுவது பெயரெழுத்தைத்தான். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஊரும் வருடமும் தெரியாமல் இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவது, தெருப்பெயர் தெரியாமல் சென்னைக்குப் போய் 'எஸ். ராஜேந்திரன் வீடு எது?' என்று கேட்பது போலத்தான். ஒரே எழுத்துகளைப் பலர் பதிவு செய்திருப்பார்கள்.

முதலில் சிங்கம். இடப்பக்கம் பார்த்து ஒரு முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் இருந்தால் அது இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. அடுத்தது ஊர். சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்ஹாம், கிரீடம் (1974 வரை) ஷெஃபீல்டு. பர்மிங்ஹாமுக்கும் ஷெஃபீல்டுக்கும் சொந்தமாகத் தரச்சோதனை அலுவலகம் கிடைத்தது 1773-இல். அதற்காக முன்நின்று போராடியவர் மேத்யூ போல்டன்; அதுவரை அவர் பர்மிங்ஹாமில் செய்த சாமான்களை முத்திரைக்காகச் செஸ்டர் வரை அனுப்ப வேண்டியிருந்தது. இரு ஊர்க்காரர்களும் லண்டனில் 'கிரவுன் அண்டு ஆங்கர்' என்ற விடுதியில் கூடிப் பேசியதால்தான் ஒன்றுக்குக் கிரீடமும் மற்றதற்கு நங்கூரமும் வந்தன என்று வழிவழியாகச் சொல்வார்கள்.

இனி ராணியின் தலை. உங்கள் விஷயத்தில் துப்புத் துலக்குவது இதுதான். வெள்ளிக்கு வரி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளமாக ஆட்சியிலிருப்பவரின் தலையை 1784 முதல் 1890 வரை பொறித்தார்கள். முத்திரையிட்ட வருடத்தைக் காட்டும் சிறிய 'ஏ' எழுத்து பர்மிங்ஹாமில் 1798-இலும் 1875-இலும் 1900-இலும் வந்தது. 1798 என்றால் மூன்றாம் ஜார்ஜின் தலை இருந்திருக்கும். 1900-இல் தலையே கிடையாது. ஆக உங்கள் டீபாட் 1875-76. ஒரு வருட எழுத்து ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவதில்லை என்பதால்தான் இரண்டு வருடம் சேர்த்துச் சொல்கிறேன். 1975 முதல்தான் எல்லா ஊரிலும் ஜனவரிக் கணக்கு வந்தது. ஒவ்வோர் ஊருக்கும் எழுத்து வரிசை தனி என்பதையும் நினைவில் வையுங்கள். லண்டனின் அட்டவணையில் பர்மிங்ஹாம் எழுத்தைத் தேடினால் வருடம் தப்பாகவே வரும்.

ஹெஸ்டர் பேட்மேன் லண்டன்காரர். 1760-இல் கணவர் இறந்தபின் பட்டறையை ஏற்று, 1761-இல் தன் முத்திரையைப் பதிவு செய்து, 1790-இல் ஓய்வு பெற்றவர். அவருடைய 'ஹெச் பி' கையெழுத்துப் போல வளைந்திருக்கும். ஊரும் பொருந்தவில்லை, காலமும் எட்டவில்லை. உங்கள் 'ஹெச் பி' யார் என்பதை பர்மிங்ஹாம் அலுவலகப் பதிவேட்டில், 1875-ஐ ஒட்டிய வருடங்களில் மட்டும் தேடுங்கள். அப்போது எழுத்தைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவம் (நீள்சதுரமா, முட்டை வடிவமா), இரண்டு எழுத்துக்கும் நடுவே புள்ளி உண்டா என்பதையும் ஒப்பிட வேண்டும். கிடைக்கிற பெயர் தட்டிச் செய்தவருடையதாக இல்லாமல், முத்திரைக்கு அனுப்பிய கடைக்காரருடையதாகவும் இருக்கலாம்.

ஜக் ஷெஃபீல்டு வெள்ளி. தலை இல்லாததால் 1784-க்கு முந்தையது, அல்லது 1890-க்குப் பிந்தையது. நல்ல பொருள்தான், ஆனால் டீபாட்டோடு பிறந்ததல்ல. கிண்ணம் வெள்ளியே அல்ல. 'ஈ பி என் எஸ்' என்றால் நிக்கல் கலவையின் மேல் வெள்ளியை மின்முலாமாகப் பூசியது. எழுத்துகளைத் தனித்தனிக் கேடயத்துக்குள் வைத்ததால் தூரத்திலிருந்து ஹால்மார்க் போலவே தெரியும். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். விளிம்பிலும் பாதத்திலும் தேய்ந்த இடங்களைப் பாருங்கள். அடி உலோகம் சற்று மஞ்சளாக எட்டிப் பார்க்கும்.

டீபாட்டின் மூடியையும் பார்த்துவிடுங்கள். உட்புறத்தில் சிங்கமும் அதே 'ஹெச் பி'யும் இருந்தால் அசல் மூடி. முத்திரை தேய்ந்திருந்தால் பாலீஷ் போடாதீர்கள், இருப்பதும் போய்விடும். ஜன்னலோரம் வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்து, மேலே மெல்ல ஊதுங்கள். ஆவி படிந்து விலகும் அந்த ஓரிரு நொடியில் மங்கிய கோடுகள் தெளியும். பத்து மடங்கு லென்ஸ் போதும். உரைகல்லில் தேய்த்துப் பார்க்கவே வேண்டாம்.

கைப்பிடியும் உடலும் சேரும் இடத்தில் வெள்ளை வளையங்கள் இருந்தால் அவை சூடு ஏறாமலிருக்க வைத்த யானைத் தந்தமாக இருக்கலாம். பிரிட்டனில் 2022 முதல், தந்தம் சேர்ந்த இப்படிப்பட்ட பொருளைப் பதிவு செய்யாமல் விற்க முடியாது.

கடைசியாக, வியாபாரி விஷயம். பிரிட்டனில் 7.78 கிராமுக்கு மேற்பட்ட, ஹால்மார்க் இல்லாத பொருளை வியாபாரி வெள்ளி என்று சொல்லி விற்பது 1973 சட்டப்படி குற்றம். கிண்ணத்தை வெள்ளி என்று ரசீதில் எழுதியிருந்தால் அதையும் படங்களையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். கிண்ணத்துக்கு உரிய பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ஒரே செட் என்பதற்காகக் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அதையும் கேளுங்கள். டீபாட்டைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.