மங்கையர்க்கரசியாரைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். நான்காம் வகுப்பு படிக்கும் மகள், பள்ளி விழாவில் பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாராக வேடம் போட்டு ஐந்து நிமிடம் பேச வேண்டும். ஆச்சி முழுக்கதையையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வாதத்தில் தோற்ற சமணரைக் கழுமரத்தில் ஏற்றிக் கொன்ற கழுவேற்றம் வந்த இடத்தில் பிள்ளை, "ராணி ஏன் தடுக்கலை?" என்று கேட்டிருக்கிறாள். அப்புறம் ஒத்திகைக்கே வர மறுக்கிறாளாம். எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்கிறார்.

முதலில் மேடைக்கான கதையைப் பார்த்துவிடுவோம். 7ஆம் நூற்றாண்டு. சோழ மன்னன் மகள், பாண்டியன் நெடுமாறனின் பட்டத்தரசி. கணவர் சமணத்தைப் பின்பற்றினார்; இவர் சிவனை வணங்கினார். அரண்மனையில் இவருக்குத் துணையாக நின்றவர் அமைச்சர் குலச்சிறையார். இருவரும் சேர்ந்து, திருமறைக்காட்டில் இருந்த ஞானசம்பந்தருக்கு ஆள் அனுப்பி மதுரைக்கு வரவழைத்தார்கள். முன்கதைக்கு இவ்வளவு போதும்.

அடுத்த கட்டத்தை அவசரப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். சம்பந்தர் தங்கிய மடத்துக்குச் சமணர்கள் தீ வைக்கிறார்கள். அந்தத் தீ அரசனைச் சேரட்டும் என்று பாடும்போதும் அவர் "பையவே சென்று பாண்டியற்கு ஆகவே" என்றுதான் பாடுகிறார். ஏன் பைய? சேக்கிழார் அடுக்கும் காரணங்களில் முதலாவது, அரசியின் மங்கல நாண் நிலைக்க வேண்டும் என்பது. தீ வெப்பு நோயாக மன்னனைப் பற்றுகிறது. எந்த வைத்தியமும் பலிக்கவில்லை. அரசி சம்பந்தரை அழைக்கிறார்.

வந்து நிற்பதோ சின்னப் பையன். சுற்றிலும் வாதத்துக்குத் தயாராக நிற்கும் சமணப் பெரியவர்கள். இந்தப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று அரசிக்குப் பதறுகிறது. அவன் அரசியைப் பார்த்துச் சொல்கிறான்:

"மானினேர் விழி மாதராய் வழுதிக்கு மாபெருந்தேவி கேள்
பானல்வாய் ஒரு பாலன் ஈங்கிவன் என்று நீ பரிவெய்திடேல்"

இவன் பால் மணம் மாறாத சிறுவன் என்று நீ கவலைப்படாதே, அம்மா, என்கிறான். இது பின்னால் யாரோ சேர்த்த வசனமில்லை. சம்பந்தரே பாடிய தேவாரம். ஒரு சிறுவன் ராணிக்குத் தைரியம் சொல்லும் இடம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடித்துவிடும். வகுப்புத் தோழன் ஒருவனைச் சம்பந்தராக நிறுத்தி இந்த இரண்டு வரியையும் அவனைச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் மகள் பதில் பேசாமல் கேட்டு நின்றாலே போதும். அப்புறம் "மந்திரமாவது நீறு" பாடித் திருநீறு பூச, மன்னன் எழுந்து உட்காருகிறான். மேடையில் கதையை இங்கேயே முடித்துவிடலாம். நேரம் மிச்சமிருந்தால் வைகையில் விட்ட சம்பந்தரின் பாடல் ஏடு எதிர்நீச்சல் போட்டுத் திருவேடகம் சேர்ந்த கதையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி மகளின் கேள்வி. அது நியாயமான கேள்வி. "அதெல்லாம் உனக்கு எதுக்கு" என்று தயவுசெய்து வாயை அடைத்துவிடாதீர்கள். சம்பந்தர் பாடல்களில் சமணரைக் கடுமையாகச் சாடும் வரிகள் நிறைய உண்டு. கழுவேற்றம் அவற்றில் இல்லை. கழுவேறியவர்கள் 8000 பேர் என்ற கணக்கு, ஐந்நூறு ஆண்டு கழித்து, 12ஆம் நூற்றாண்டில் எழுதிய பெரியபுராணத்தில் வருவது. அதிலும் கட்டளை அரசனுடையது, நிறைவேற்றியவர் குலச்சிறையார். "இது ரொம்பக் காலம் கழித்து எழுதின கதைம்மா, அப்படியே நடந்ததா என்று அறிஞர்களே சந்தேகப்படுகிறார்கள்" என்று அவளிடம் சொல்லுங்கள்.

முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுகுமலைக்குக் கூட்டிப்போங்கள். கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கி.மீ.தான். 1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர். நெடுமாறன் காலத்துக்குப் பிறகு, 8, 9ஆம் நூற்றாண்டுகளில், பாண்டியர் ஆட்சியிலேயே அங்கே பாறையில் வரிசை வரிசையாகச் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அடியில் வட்டெழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் குரத்தியார் என்ற சமணப் பெண் ஆசிரியர்களும் உண்டு. அதே மலையில் ஒற்றைப் பாறையில் குடைந்த சிவன் கோயிலான வெட்டுவான் கோயிலும் இருக்கிறது. இரண்டையும் அவள் ஒரே நாளில் பார்க்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. சுந்தரர் இந்த மன்னனை "நெல்வேலி வென்ற நின்றசீர் நெடுமாறன்" என்கிறார். நம் ஊர்ப் பெயர் வருகிறதே என்று எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த நெல்வேலி வேறு ஊர் என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். மேடையில் "நம்ம திருநெல்வேலியிலே ஜெயிச்ச ராஜா" என்று அடித்துச் சொல்ல வேண்டாம்.

உடைக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். வாடகைக்குக் கிடைக்கும் பெரிய அட்டைக் கிரீடம் பேசும்போது சரிந்து கண்ணை மறைக்கும். சம்பந்தர் அரசியை "வரிவளைக் கைம்மட மானி" என்று பாடுகிறார். சுந்தரரும் "வரிவளையாள் மானி" என்றே சொல்கிறார். இரண்டு கையிலும் நிறைய வளையல், நெற்றியில் திருநீறு, ஒரு பட்டுப் பாவாடை போதும். கண்ணாடி வளையல் வேண்டாம், கை கூப்பும்போது உடைந்து குத்தும். பிளாஸ்டிக் வளையலே வாங்கிக்கொள்ளுங்கள்.