மலையாளிக் கடைக்குப் போகும் முன்

கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறையிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து, வுல்வர்ஹாம்ப்டனில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. எனக்கு இன்னும் வேலை அமையவில்லை. இரண்டு பிள்ளைகள். வாடகை போக மிச்சமெல்லாம் சாப்பாட்டுச் சாமானுக்கே போகிறது. எப்படிக் குறைப்பது? கார் இப்போதே எடுக்கலாமா? வீடு வாங்குவது எப்போது சரி? எந்தப் பள்ளி நல்லது?”

தம்பி, காரையும் வீட்டையும் பற்றி வேறு யாரிடமாவது கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல இங்கே ஆள் நிறைய உண்டு. பள்ளி நடந்து போகிற தூரத்தில் இருந்தால் போதும். ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் ரிசெப்ஷன், இயர் ஒன், இயர் டூ என்கிற முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு 2014 முதல் மதியச் சாப்பாடு இலவசம். பெற்றோரின் சம்பளத்தைப் பார்ப்பதில்லை. அது நமக்குக் கிடையாது என்று நினைத்துக்கொண்டு தினமும் டப்பா கட்டி அனுப்புகிற நம் ஊர் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பேச வேண்டியது சாமான் செலவைப் பற்றித்தான். நானும் பர்மிங்காமுக்கு இப்படித்தான் வந்தேன். மனைவி நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்குவாள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பேன். வெளியே போய்ச் சம்பாதிக்க வழியில்லாத அந்தக் காலத்தில், அடுப்படியில் மிச்சம் பிடிக்கிற காசுதான் என் சம்பளம் என்று நினைத்துக்கொள்வேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் நாலு வரியில் முடிக்க மனம் வரவில்லை.

கேரளத்தை ஒட்டிய நம் குமரி மாவட்டத்து ஊர்க்காரருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. மதுரைக்காரருக்கும் சேலத்துக்காரருக்கும் அது கிடையாது. மலையாளிக் கடைக்குள் நுழைந்தால் அங்கே இருப்பதெல்லாம் நம் வீட்டுச் சாப்பாடு. மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு, சிவப்பு அரிசி, குடம்புளி, ஏத்தங்காய் சிப்ஸ், உறைந்த சாளை (மத்தி மீன்), துருவிய தேங்காய், முருங்கைக்காய், தோல் உரித்த சின்ன உள்ளி என்று களியக்காவிளைச் சந்தையைக் கடைக்குள் அடுக்கி வைத்தது மாதிரி இருக்கும். புதிதாக வந்தவருக்கு அங்கே கை நிற்காது. ஊர் நினைப்பில் ஒரு வாரச் சம்பளத்தை அங்கே கொட்டிவிட்டு, பிறகு சூப்பர்மார்க்கெட்டுக்கும் போய்ப் பாலும் ரொட்டியும் வாங்குவார்கள். உங்கள் பணமும் இப்படித்தான் கரைகிறது என்று நினைக்கிறேன்.

அந்தக் கடைக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே வாங்க வேண்டியது குடம்புளி, கடுகு, வத்தல் மிளகாய், மல்லி, உறைந்த தேங்காய்த் துருவல், பெரிய பையில் உளுந்தும் சிறுபயறும். கறிவேப்பிலை ஒரு கட்டு வாங்கினால் உருவி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். விமானத்தில் வந்த காயைத் தொட வேண்டாம். முருங்கைக்காயும் வெண்டைக்காயும் அவ்வளவு தூரம் பறந்து வந்த கூலியை நாம்தான் கொடுக்கிறோம்.

காயை லிடில், ஆல்டி போன்ற கடைகளில் வாங்குங்கள். முட்டைகோஸ், கேரட், பீட்ரூட், ஸ்வீட் (swede) என்று டர்னிப் மாதிரி ஒரு கிழங்கு, ஸ்பிரிங் கிரீன்ஸ் என்று ஒரு கரும்பச்சைக் கீரை, எல்லாம் இந்த மண்ணில் விளைவது. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் முந்தின வாரம் இந்தக் கடைகள் போட்டி போட்டுக்கொண்டு கேரட்டையும் முட்டைகோஸையும் சில பென்ஸுக்குக் கொடுக்கும். அந்த ஸ்பிரிங் கிரீன்ஸைப் பொடியாக அரிந்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், ஒரு பல் பூண்டு, மஞ்சள் சேர்த்துச் சதைத்துப் போட்டுத் துவரன், அதாவது தேங்காய்ப் பொரியல், வைத்துப் பாருங்கள். நம் முருங்கைக்கீரைத் துவரனைக் கேட்டு அழுத என் மகள் இப்போது இதைத்தான் கேட்கிறாள். அந்த ஸ்வீட் கிழங்கைச் சதுரமாக வெட்டி, வறுத்த தேங்காய் அரைத்த குழம்பான தீயல் வைக்கலாம். தேங்காயைக் கருகாமல் நன்றாகச் சிவக்க வறுக்கப் போகிறோம் என்பதால் தீயலுக்கு உலர்ந்த தேங்காய்த்தூள் போதும், உறைந்த துருவலை அதில் வீணாக்க வேண்டாம். சின்ன உள்ளிக்குப் பதில் பெரிய வெங்காயத்தை நீளமாக அரிந்து வதக்குங்கள். வெள்ளைக் கேரட் மாதிரி இருக்கும் பார்ஸ்னிப்பை மட்டும் நான் அவியலில் சேர்க்கமாட்டேன், அதன் இனிப்பு தயிரோடு ஒத்துப்போவதில்லை.

“ஸ்வீடில் தீயலா?” என்று முகம் சுளிக்கிற நம் ஆட்கள் உண்டு. அவர்களுக்கு நான் மரச்சீனியின் கதையைச் சொல்வேன். அது நம் மண்ணில் பிறந்த கிழங்கு இல்லை, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை, நம் குமரியும் அப்போது அடங்கியிருந்த திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிடச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். நாஞ்சில் நாட்டு வயல்கள் இருந்தும் திருவிதாங்கூர் சொந்த நெல் போதாமல் பர்மா அரிசியை நம்பி இருந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றுபோனது. அந்த வருடங்களில் மூன்று வேளையும் கிழங்குதான் என்று என் பாட்டி சொல்லுவாள். எங்கிருந்தோ வந்த கிழங்கை அவித்து, தண்ணீரை வடித்து, தேங்காயும் சீரகமும் சதைத்துப் போட்டு, பக்கத்தில் சாளைக் குழம்பை ஊற்றி, அதை நம் சாப்பாடாக ஆக்கியவர்கள் அவர்கள். பஞ்ச காலத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றிய அந்தப் பெண்களின் கைப்பக்குவத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதே மரச்சீனியை இன்று உறைந்த பாக்கெட்டில் விலை கொடுத்து வாங்கி, மாதம் ஒரு தடவை ஆசைக்குச் சாப்பிடுவோம். மற்ற நாளில் இங்கே மலிவாகக் கிடைக்கும் உருளைக்கிழங்கை அதே மாதிரி மசித்து மீன் குழம்போடு சாப்பிடலாம்.

அரிசியைப் பற்றி ஒன்று. சூப்பர்மார்க்கெட்டின் சொந்தப் பெயரில் ‘ஈஸி குக்’ என்று ஒரு அரிசி மலிவாக இருக்கும். அது புழுங்கல் அரிசிதான். கொஞ்சம் தண்ணீர் கூட்டிக் கூடுதல் நேரம் வேகவிட்டால் கஞ்சிக்கும் சோற்றுக்கும் ஆகும். சிவப்பு அரிசி ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். அலமாரியில் விலைச்சீட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து எடுங்கள். ஒரே கடையில் மசாலா வரிசையில் கண்ணாடிக் குப்பியில் இருக்கும் சீரகமும், ‘வேர்ல்ட் ஃபுட்ஸ்’ வரிசையில் பையில் இருக்கும் சீரகமும் கிலோ விலையில் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அப்போது தெரியும்.

இப்போது எச்சரிக்கை. இதைத் தயவுசெய்து லேசாக எடுக்காதீர்கள். ஊரில் இரவு மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் பழங்கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே ஹீட்டர் ஓடுகிற வீட்டில் சோற்றை ராத்திரி முழுக்க அடுப்பு மேடையிலேயே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெந்த சோற்றிலும் சாகாமல் இருந்து, வெதுவெதுப்பில் பெருகி விஷத்தை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா உண்டு. அந்த விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள், மறுநாளைக்குள் சாப்பிட்டுவிடுங்கள் என்றுதான் இந்த நாட்டின் உணவுத் தர அமைப்பு சொல்கிறது. நாங்கள் பழங்கஞ்சியை விடவில்லை. சோறு ஆறினதும் தண்ணீர் ஊற்றி, மூடி, குளிர்பெட்டியில் வைப்போம். காலையில் தயிர், பச்சை மிளகாய், ஒரு துண்டு வெங்காயம். ஒரு வேளைச் செலவு மிச்சம், வயிற்றுக்கும் சுகம்.

சாயங்காலம் சூப்பர்மார்க்கெட்டில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைப்பார்கள். அதை எடுக்கக் கூச்சப்பட வேண்டாம். ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி தாண்டினாலும் ரொட்டி, பிஸ்கட், பருப்பு ஒன்றும் செய்யாது. ‘யூஸ் பை’ என்று போட்டிருந்தால் அந்தத் தேதிக்கு மேல் மீனையோ கோழியையோ தொடக் கூடாது. அன்றைக்கே சமைக்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கே ஃப்ரீசரில் போட வேண்டும். புதிதாக வந்தவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து, நல்ல ரொட்டியைக் குப்பையில் போட்டுக் கெட்ட கோழியைச் சமைக்கிறார்கள்.

வரி விஷயமும் உண்டு. அரிசி, பருப்பு, காய், மீன், பால் எதற்கும் இங்கே வாட் வரி இல்லை. உருளைக்கிழங்கு சிப்ஸ், சாக்லேட், குளிர்பானம், கடையில் சுடச்சுட வாங்குகிற சாப்பாடு, இதற்கெல்லாம் 20 சதவீதம் வரி. டியூட்டி முடிந்த களைப்பில் வழியில் பார்சல் வாங்குவது எத்தனை வீட்டைக் கடனாளி ஆக்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நர்ஸ் வேலை பார்க்கிற பெண்ணைக் குறை சொல்லக் கூடாது. நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள், அவள் வரும்போது சாப்பாடு சூடாக இருக்கட்டும். அடுப்படி ஆணுக்கு இல்லை என்று ஊரில் சொல்லிக்கொடுத்ததை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள்.

மீனுக்கு வருகிறேன். இங்கத்து அயலை (கானாங்கெளுத்தி) வட அட்லாண்டிக்கில் பிடிப்பது. நம் அயலையைவிடக் கொழுப்பு அதிகம், அதனால் சீக்கிரம் கெடும். தேங்காயைக் குறைத்துக் குடம்புளியைக் கூட்டுங்கள், வாங்கின அன்றே குழம்பாகட்டும். சால்மன் துண்டு பக்கம் போக வேண்டாம், சால்மன் தலையைக் கேளுங்கள். இங்கத்து ஆட்கள் அதிகம் வாங்காத தலையில் இருக்கும் சதை நாலு பேருக்குக் குழம்பு வைக்கப் போதும். அவசரத்துக்கு டின் சாளையை வெங்காயமும் நல்லமிளகும் போட்டுப் பிரட்டினால் சப்பாத்திக்குப் போதும்.

மீன் என்றதும் எங்கள் முதல் வீடு ஞாபகம் வருகிறது. வீட்டுக்காரர் மீன் வறுக்கக் கூடாது என்றார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது. டிசம்பரில் ஜன்னலைத் திறந்து வைத்து, கோட்டைப் போட்டுக்கொண்டு குழம்பு வைத்திருக்கிறேன். காலி செய்யும்போது வாடை அடிக்கிறது என்று சொல்லி முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். அது எனக்கு இன்றும் ஆறவில்லை. நாங்கள் அந்த வீட்டைத் துடைத்து வைத்த மாதிரி அவர்கூட வைத்திருக்கமாட்டார். 2007 ஏப்ரலிலிருந்து சட்டம் மாறிவிட்டது. உங்கள் முன்பணத்தை அரசு ஏற்ற ஒரு பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் உங்கள் வீட்டுக்காரர் கொண்டுவந்தாக வேண்டும். எந்தத் திட்டம் என்று கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நம் ஆட்களில் இரண்டு விதமானவர்களைப் பார்த்து எனக்கு வருத்தம் உண்டு. பவுண்டை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து, பிள்ளைக்கு ஒரு ஆப்பிள் வாங்கக் கை நடுங்கி, சோறும் ஊறுகாயுமாக வருடக்கணக்கில் ஓட்டி, மார்த்தாண்டத்தில் மூன்று மாடி கட்டுவார்கள். அந்த வீட்டில் குடியிருக்க யாரும் இல்லை, பிள்ளை இங்கே இரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுகிறது. இன்னொரு விதம், ஓணத்துக்கு இலை நிறையக் கறி வைத்துப் படம் போட்டுவிட்டுக் கிரெடிட் கார்டுக்கு வட்டி கட்டுகிறவர்கள். சிக்கனம் என்பது நன்றாகச் சாப்பிட்டு மிச்சம் பிடிப்பது. இங்கே உணவு விலை 2023 மார்ச்சில் முந்தின வருடத்தைவிட 19 சதவீதத்துக்கு மேல் ஏறியது, 1977க்குப் பிறகு அப்படி ஏறியதில்லை. அந்த வருடத்திலும் எங்கள் வீட்டில் மீனும் பாலும் குறையவில்லை. தயிர் வீட்டில் உறை ஊற்றியது, பயறு ஊறப்போட்டுக் குக்கரில் வைத்தது, எண்ணெய் சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் கடைசியில் ஒரு கரண்டி மட்டும். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

ஊருக்குப் போய்வரும்போது பீஃப் ஊறுகாயும் நெய்யும் பெட்டியில் வைக்காதீர்கள். இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவர அனுமதி இல்லை, விமான நிலையத்தில் பார்த்தால் எடுத்துக்கொள்வார்கள்.

வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து பர்மிங்காமுக்கு டிராம் உண்டு. ஒரு சனிக்கிழமை புல் ரிங் உள்சந்தைக்கு வாருங்கள், மீன் வரிசை பெரியது, வாரம் ஒருமுறை நான் அங்கே இருப்பேன். கெட்டியான பை ஒன்று எடுத்து வாருங்கள். மீன் வெட்டிக் கொடுக்கச் சொல்லும்போது, தலையும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கழிவோடு போட்டுவிடுவார்கள்.