கேள்வி நேரம்: 2024-ல் மனசில் தங்கிய படங்கள்

வருடக் கடைசி என்பதால் இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே சினிமாவைச் சுற்றித்தான். நானும் அதற்காகத்தான் காத்திருந்தேன். ஒரு ரசிகனாக மனசில் பட்டதை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்குப் பிடித்த படத்தை நான் குறைத்துச் சொல்லியிருந்தால் அடுத்த மாதம் தாராளமாகச் சண்டைக்கு வாருங்கள்.

அண்ணே, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். 2024-ல் உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரே ஒரு தமிழ்ப் படம் எது?

'லப்பர் பந்து'.

தமிழரசன் பச்சமுத்துவுக்கு இயக்குநராக இதுதான் முதல் படம், செப்டம்பர் 20 அன்று வந்தது. ஊர் கிரிக்கெட்டில் பெயர் வாங்கிய, வயது ஏறியும் மட்டையைக் கீழே வைக்க மனசு வராத கெத்து. எந்தப் பந்து போட்டால் கெத்து திணறுவார் என்று கண்டுபிடித்து வைத்திருக்கும் அன்பு. அன்பு காதலிக்கும் துர்கா, அந்தக் கெத்துவின் மகள். இதை மட்டும் கேட்டால் மீதிக் கதையை நாமே சொல்லிவிடலாம் போல இருக்கும். ஆனால் படம் போகிற வழி வேறு. புருஷன் வேலையை விட்டுவிட்டு மைதானமே கதி என்று கிடப்பதைப் பொறுக்க முடியாமல் கெத்துவின் மனைவி யசோதை டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்து ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்தை உழுகிற காட்சி ஆரம்பத்திலேயே வருகிறது. அத்தனை ஆம்பளைகளும் வாயடைத்து நிற்பார்கள். அந்த ஒரு காட்சியில் அந்தக் குடும்பத்தின் பத்து வருடக் கோபமும் பாசமும் தெரிந்துவிடுகிறது. யசோதையாக நடித்த சுவாசிகா ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் அந்தத் தோரணையை இன்னொரு முறை பாருங்கள்.

எனக்கு இந்தப் படம் இவ்வளவு பிடிக்கக் காரணம், இதில் வில்லன் என்று ஒரு ஆள் தேவைப்படவே இல்லை. வீம்புதான் வில்லன். கெத்துவும் அன்பும் நல்லவர்கள், ஆனால் இருவருமே இறங்கி வர மாட்டார்கள். அந்த வீம்பில் அடி வாங்குவது வீட்டில் இருக்கும் பெண்கள். அன்பு எவ்வளவு நன்றாக ஆடினாலும் சாதியைக் காரணம் வைத்து ஊர் டீமில் சேர்த்துக்கொள்ளாத கதையும் கூடவே ஓடுகிறது, அதைப் பிரசங்கமாக்காமல் யாருக்கு பேட்டிங் கிடைக்கிறது, யார் வெளியே நிற்கிறார்கள் என்பதிலேயே சொல்லிவிடுகிறார் இயக்குநர். கெத்துவாக வரும் அட்டகத்தி தினேஷுக்கு இது ஒரு மறுபிறவி. அன்புவாக வரும் ஹரிஷ் கல்யாண் தன்னை முன்னே தள்ளிக்கொள்ளாமல் நடித்ததும் பெரிய விஷயம்.

விஜயகாந்தை ஏஐ மூலம் விஜய் நடித்த 'கோட்' படத்தில் கொண்டு வந்தார்கள். 'லப்பர் பந்து'விலும் அவர் பாட்டு வருகிறது. எது உங்களுக்கு நிறைவாக இருந்தது?

நல்ல கேள்வி. விஜயகாந்த் இறந்தது 2023 டிசம்பர் 28. அடுத்த வருடம் முழுக்க அவர் நினைவோடுதான் தமிழ் சினிமா நடந்தது என்று சொல்லலாம். 'கோட்'டில் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் அந்த முகத்தை உருவாக்கினார்கள், தியேட்டரில் கைதட்டலும் கிடைத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது, கெத்து மட்டையோடு மைதானத்துக்குள் இறங்கும்போது 'பொன்மன செல்வன்' படத்தின் 'நீ பொட்டு வச்ச தங்கக்குடம்' ஒலித்தபோதுதான். 1989-ல் வந்த பாட்டு. அந்த ஊர்க்காரர்கள் அவரை எப்படி நேசித்தார்கள் என்பதைக் காட்டினாலே போதுமாக இருந்தது, முகத்தைத் திரும்பச் செய்யத் தேவை வரவில்லை.

இதையே பாடகி பவதாரிணி விஷயத்திலும் நினைத்தேன். ஜனவரி 25 அன்று அவர் போய்விட்டார். அதே 'கோட்'டின் 'சின்ன சின்ன கண்கள்' பாட்டில் அவர் குரலை ஏஐ வைத்துத் தம்பி யுவன் கொண்டுவந்தார். ஒரு தம்பி அக்காவுக்குச் செய்ததை எடைபோட எனக்கு உரிமை இல்லை. ஆனால் நாளைக்கு ரத்த சம்பந்தமே இல்லாத ஒருவர் இதைச் செய்தால், அந்தக் குரலுக்கு யார் பொறுப்பு? இதற்குத் தெளிவான விதிமுறை சீக்கிரம் வர வேண்டும் என்று மனசாரச் சொல்கிறேன்.

'மெய்யழகன்' படத்தைக் கொண்டாடுகிறீர்கள். மூன்று மணி நேரம் இரண்டு பேர் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அதில் என்ன சார் இருக்கிறது?

பேச்சுதான் இருக்கிறது. அந்தப் பேச்சுக்குள் எல்லாமே இருக்கிறது.

சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து 1996-ல் சென்னைக்குக் கிளம்பிப் போன குடும்பம். அந்த வீட்டுப் பையன் அருள் ரொம்ப வருடம் கழித்து ஒரு தங்கையின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். தலையைக் காட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து ஓடிவிட வேண்டும் என்பதுதான் அவன் திட்டம். அங்கே ஒருவன் அத்தான் அத்தான் என்று ஒட்டிக்கொள்கிறான். அவன் பெயர் அருளுக்கு ஞாபகமே வரவில்லை. இதுதான் கதை, இதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்க முடியாத சங்கடம் இருக்கிறதே, அது நம் எல்லோர் வீட்டுக் கல்யாணத்திலும் நடப்பது. "என்னைத் தெரியுதா?" என்று யாராவது கேட்டால் சிரித்துச் சமாளிப்போமே, அந்தச் சிரிப்பை ஒரு முழுப் படத்துக்கு நீட்டி, அதற்குள் ஒருவனுடைய குற்ற உணர்ச்சி, கைவிட்ட சொந்தம், அவன் விட்டுப்போன ஒரு பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்தையே தூக்கி நிறுத்திய கதை என்று எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டார் இயக்குநர் பிரேம்குமார். மேடையில் தங்கைக்கு வாங்கி வந்ததை அருளே அணிவித்துவிடும் காட்சியில் அரவிந்த் சாமி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் முகம் போதும்.

நீளம் பற்றிப் புகார் வந்ததும் ரிலீஸான சில நாட்களிலேயே 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். ராத்திரி முழுக்க இரண்டு பேர் பேசும் படத்தில், 'தேவையில்லாத பேச்சு' என்று எதை வெட்டுவது? அந்த வளவளப்பில்தான் கார்த்தியின் பாத்திரம் உயிரோடு இருக்கிறது. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதிலும் தப்பில்லை. ஒருவேளை நீங்கள் ஊரை விட்டு வராதவராக இருக்கலாம்.

'மகாராஜா' பற்றி ஒரு வரி?

திரைக்கதையை இயக்குநர் நித்திலன் பின்னிய விதத்துக்குக் கைதட்டுகிறேன், ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையைக் கடைசித் திருப்பத்துக்காக ஒளித்து வைத்தது மட்டும் இன்றுவரை உறுத்துகிறது.

'வாழை', 'கொட்டுக்காளி' இரண்டும் ஒரே நாளில் வந்தன. எதை முதலிடத்தில் வைப்பீர்கள்?

ஆகஸ்ட் 23. இந்த இரண்டையும் ஒரே வெள்ளிக்கிழமையில் இறக்கியதே எனக்குப் பிடிக்கவில்லை, ஒன்றின் கூட்டம் மற்றதை விழுங்கிவிட்டது. வரிசைப்படுத்த மாட்டேன், இரண்டும் வேறு வேறு திசை.

'வாழை' மாரி செல்வராஜ் தன் சிறுவயதிலிருந்து எடுத்த கதை. பள்ளி லீவு நாளில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டிய சிவனணைந்தான், வகுப்பு டீச்சர் மேல் கள்ளமில்லாத பிரியம், ரஜினியா கமலா என்று நண்பனோடு ஓயாத சண்டை என்று முதல் பாதி முழுக்க நம்மைச் சிரிக்க வைக்கிறார்கள். ஆனால் எனக்குப் படத்தின் மையம், கூலியில் ஒரு ரூபாய் கூட்டிக் கேட்ட அந்த இடம்தான். கேட்டது கிடைக்கிறது, ஆனால் அந்த ஒரு ரூபாயை மிச்சம் பிடிக்க, ஆட்களைத் தனி வண்டியில் அனுப்பாமல் தார் ஏற்றிய லாரி மேலேயே ஏற்றி அனுப்புகிறார்கள். அப்புறம் நடப்பது விபத்து என்று சொல்லிவிட முடியாது. கணக்குப் போட்டு மிச்சம் பிடித்த காசுதான் அந்த உயிர்களை எடுத்தது. பசியில் ஒரு பழத்தைப் பறித்ததற்கு அந்தப் பையன் வாங்கும் தண்டனையைப் பார்த்துவிட்டு, அத்தனை சாவுக்கு நடுவிலும் அவன் சோற்றுக்கு அலைவதைப் பார்ப்பது ரொம்பக் கஷ்டம். சந்தோஷ் நாராயணன் இசையை இரண்டு மூன்று இடங்களில் குறைத்திருந்தால் இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும் என்று தோன்றியது.

பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. வேறு சாதிப் பையனைக் காதலித்ததால் பேய் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, மீனாவைச் சாமியாடியிடம் கூட்டிக்கொண்டு போகிறது குடும்பம். ஆட்டோவில், பைக்கில், காலில் கல்லைக் கட்டிய ஒரு சேவலோடு. தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கட்டைக் குரலில் கத்தும், அவளுக்கு நிச்சயித்த பாண்டியாகச் சூரி, படம் நெடுக ஏறக்குறைய வாயே திறக்காத மீனாவாக அன்னா பென். வழியை மறித்து நிற்கும் காளையிடம் அத்தனை வீராப்பு ஆம்பளைகளும் ஒதுங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். படம் சொல்ல வந்தது மொத்தமும் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. முடிவு புரியவில்லை என்று நிறையப் பேர் சொன்னார்கள். சாமியாடியிடம் நடப்பதைத் தன் கண்ணால் பார்த்த பிறகு பாண்டி திரும்புவானா மாட்டானா என்பதை நம்மிடம் விட்டுவிட்டார் இயக்குநர். அப்படி விட்டதுதான் நியாயம்.

பெரிய படங்களில் சத்தம் தாங்க முடியவில்லை. 'கங்குவா'வில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இது எங்கே போய் முடியும்?

நீங்கள் மட்டும் இல்லை. ஆஸ்கர் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியே அந்தப் படத்தின் இரைச்சல் பற்றி வெளிப்படையாக வருத்தப்பட்டார். வால்யூமை இரண்டு பாயிண்ட் குறைக்கச் சொல்லித் தயாரிப்புத் தரப்பே தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டது. கதை பலவீனமாக இருக்கும் இடத்தில் சத்தத்தைக் கூட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது. உழைப்பு இல்லை என்று சொல்லவே முடியாது, சூர்யா அவ்வளவு உயிரைக் கொடுத்திருக்கிறார். அதனால்தான் கோபம் வருகிறது.

யூடியூப் விமர்சனங்கள் படங்களைக் கொல்கின்றன என்கிறார்களே?

தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூபர்களை விடாதீர்கள் என்று நவம்பரில் தயாரிப்பாளர்கள் கேட்டது உங்களுக்கும் நினைவிருக்கும். தனிமனிதத் தாக்குதல், இடைவேளையிலேயே தீர்ப்பு எழுதுவது இதெல்லாம் கேவலம், மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பெரிய விளம்பரம் இல்லாமல் வந்த 'லப்பர் பந்து'வைத் தூக்கிவிட்டதும் பார்த்தவர்கள் வெளியே வந்து பேசிய பேச்சுதான். அந்த வாயை வேண்டிய நேரத்தில் திறந்து வேண்டாத நேரத்தில் மூட முடியாது.

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படம். அதை நாம் ஏன் இப்படிக் கொண்டாடினோம்?

'கண்மணி அன்போடு' பாட்டுக்காக என்று சொன்னால் பாதிதான் சரி. 2006-ல் கொடைக்கானல் குணா குகையில் உண்மையில் நடந்ததை இயக்குநர் சிதம்பரம் எடுத்திருக்கிறார். டைட்டிலில் வரும் அந்தப் பாட்டு, குகைக் குழிக்குள் விழுந்த நண்பனை மேலே இழுக்கும் நேரத்தில் மறுபடி வரும்போது, கமலின் 'குணா'வில் காதலுக்காக எழுதிய வரிகள் அப்படியே நட்புக்குப் பொருந்திவிடுகின்றன. 1991-ல் வந்த பாட்டுக்கு 33 வருடம் கழித்து இன்னொரு மொழிக்காரர் வேறு ஒரு வாழ்க்கை கொடுத்தார். அதோடு, அந்தச் சமயத்தில் நம்மிடம் பெரிய புதுப்படங்களும் இல்லை. தேர்தல் முடிந்த மறுநாள், ஏப்ரல் 20 அன்று, 20 வருடத்துக்கு முந்தைய 'கில்லி'யைத் திரும்ப விட்டுத்தான் தியேட்டர்களில் விசில் சத்தம் கேட்டது.

சிறந்த நடிகை?

'அமரன்' சாய் பல்லவி. ராணுவ மேஜர் முகுந்தின் கதையை அவர் மனைவி இந்துவின் கண்கள் வழியாகச் சொன்னதால்தான் அந்தப் படம் ராணுவப் படமாக மட்டும் நின்றுவிடவில்லை. ஆனால் 'ஜெ பேபி' ஊர்வசியை மறந்துவிடாதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பி கொல்கத்தாவரை போய்விட்ட அம்மா, பேசிக்கொள்ளாத இரண்டு மகன்கள் சேர்ந்து போய் அழைத்துவர வேண்டியிருக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண் கலங்க வைப்பார். மார்ச்சில் வந்து சத்தமில்லாமல் போய்விட்டது. அதில் ஒரு மகன் நம் கெத்து தினேஷ்தான்.

என் தம்பி வெளிநாட்டிலிருந்து ஒரு வாரம் லீவில் வருகிறான். இந்த வருடப் படம் ஒன்றும் பார்க்கவில்லையாம். எதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வது?

முதல் நாள் எல்லோரும் உட்கார்ந்து 'லப்பர் பந்து', கிண்டலும் கூச்சலுமாகப் பார்க்க வேண்டிய படம். நடுவில் ஒரு நாள் 'ஜெ பேபி', கட்டாயம் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். 'வாழை'யை அவன் கொஞ்சம் தெம்பாக இருக்கும் நாளில் போடுங்கள், சாப்பிடும் நேரத்தில் வேண்டாம். 'மெய்யழகன்' திரும்பிப் போவதற்கு முந்தின நாள் ராத்திரி வேண்டவே வேண்டாம், டிக்கெட்டைத் தள்ளிப் போடுவான். வந்த இரண்டாவது நாளே காட்டிவிடுங்கள், சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்வர அவனுக்கு நாள் மிச்சம் இருக்கும்.