கேட்டது நீங்க: பாதி வாசல் ஏன் ரோஸ் கலர்ல இருக்கு?

கேள்வி: ஒரு கண்காட்சில 19ஆம் நூற்றாண்டு டிராயிங் ஒன்னு பார்த்தேன், பெரிய அலங்கார வாசல். இடது பாதில சிற்பம், வளைவு எல்லாம் அமர்க்களமா இருக்கு, வலது பாதி அறுத்து வச்ச மாதிரி ரோஸ் கலர். முடிக்காம விட்டுட்டாங்களா? அந்த வாசலைக் கட்டினாங்களா இல்லையா?

பதில்: முடிக்காம எல்லாம் விடலைங்க, அது முழு டிராயிங்தான். வாசல் ரெண்டு பக்கமும் ஒரே அச்சுங்கறதால ஒரு பாதி எலிவேஷன் (வெளிய தெரியற முகம்), மறு பாதி, குறுக்க வெட்டினா தெரியற செக்‌ஷன்னு போட்டுடுவாங்க, தாளும் மிச்சம் உழைப்பும் மிச்சம். ரோஸ்னா பெரும்பாலும் வெட்டுப்பட்ட செங்கல், மஞ்சளோ பழுப்போ இருந்தா மரம், நீலம்னா இரும்பு. ஆபீசுக்கு ஆபீஸ் கொஞ்சம் மாறும்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது நிழல்தான். வெயில் இடது மேல் மூலைல இருந்து 45 டிகிரில விழுதுன்னு வச்சுக்கிட்டு இந்தியன் இங்க்கைத் தண்ணில கரைச்சு மெல்லிசா வாஷ் அடிப்பாங்க, சும்மா அழகுக்குன்னு நினைச்சுடாதீங்க, ஒரு கார்னிஸ் (சுவத்து உச்சில நீட்டற விளிம்பு) சுவத்துல இருந்து எவ்ளோ வெளிய நீட்டிருக்கோ அதே அளவுக்குத்தான் அதோட நிழல் கீழ இறங்கும், ஸ்கேல் வச்சு நிழலை அளந்தாலே ஆழம் தெரிஞ்சுடும்.

கட்டினாங்களான்னு டிராயிங்கை மட்டும் வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. மேகம், மரம், குடை பிடிச்ச பெண்மணின்னு ஜோடிச்சிருந்தா அது பணம் போடறவரை மயக்கப் போட்டது (இன்னைக்கு ஃபிளாட் விளம்பரம் வர்ற அதே கதைதான்). அளவு எழுதி, கான்ட்ராக்டர் கையெழுத்து இருந்து, மடிப்பெல்லாம் அழுக்கா இருந்தா சைட்டுக்குப் போயிருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

கட்டினதுக்கு உதாரணம் வேணும்னா ஜெய்ப்பூர் கேட்ங்கற மர வாசல். 1886ல லண்டன்ல நடந்த காலனியல் அண்ட் இந்தியன் எக்ஸிபிஷனுக்காக இன்ஜினியர் சாமுவேல் ஸ்விண்டன் ஜேக்கப்பும் டாக்டர் தாமஸ் ஹென்ட்லியும் டிசைன் பண்ணாங்க, செதுக்கினது ராஜஸ்தான் தச்சர்கள், இப்போ இங்கிலாந்துல ஹோவ் மியூசியத்துக்கு வெளிய நிக்குது. அதே ஜேக்கப் 1890ல இருந்து ராஜஸ்தான், டெல்லி, ஆக்ரா பக்கத்துக் கட்டடங்களோட தூண், வளைவு, பிராக்கெட் (பாரம் தாங்கற முட்டு) எல்லாத்தையும் அளந்து வரைஞ்ச டிராயிங்குகளை ஜெய்ப்பூர் போர்ட்ஃபோலியோன்னு வெளியிட்டார், பைண்ட் பண்ணாம தனித்தனித் தாளா, வேலை செய்யறவங்க கைல எடுத்து வச்சுக்கிட்டுப் பார்க்கட்டும்னு.

கேள்வி: நீலத் தாள்ல வெள்ளைக் கோடா இருந்தா?

பதில்: அது புளூபிரிண்ட்ங்கற காப்பிங்க, ஒரிஜினல் இல்ல. விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842ல கண்டுபிடிச்ச முறை. வெயில் பட்டா நீலம் வெளுத்துடும், ஜன்னலுக்கு எதிர்ல மாட்டிடாதீங்க.