குழிபறிப்பதா, அரிப்பதா?

கேள்வி: ‘அண்டர்மைன்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு அகராதியில் ‘பலவீனப்படுத்து’ என்று போட்டிருக்கிறது. அப்படியானால் ‘வீக்கன்’ என்றே எழுதிவிடலாமே? (வாசகர், குடியாத்தம்)

பதில்: கூடாது. அந்தச் சொல்லின் பின்பாதியைப் பாருங்கள்: ‘மைன்’, சுரங்கம். அந்தக் காலத்தில் கோட்டையை முற்றுகையிட்டவர்கள் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். மண் சரியாமலிருக்க மரக்கால் முட்டுக் கொடுத்துக்கொண்டே போவார்கள். அஸ்திவாரத்துக்கு நேர்கீழே வந்ததும் விறகு அடுக்கிக் கொளுத்திவிட்டு வெளியேறுவார்கள். முட்டு எரிந்ததும் மதில் தன் பாரத்தாலேயே உட்காரும். 1215இல் ராச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்ட இங்கிலாந்து மன்னர் ஜான், நெருப்புக்குக் கொழுப்பு வேண்டும் என்று 40 கொழுத்த பன்றிகளை அனுப்பச் சொன்னார். மூலைக் கோபுரம் ஒன்று சரிந்தது. வேலூர்க் கோட்டையின் அகழி வெறும் அழகுக்கு வெட்டியதல்ல. தண்ணீர் நிற்கிற அகழிக்குக் கீழே சுரங்கம் தோண்டினால், தோண்டுகிறவன் தலையில்தான் தண்ணீர் இறங்கும்.

ஆகவே அடியிலிருந்து, மறைவாக, மெல்ல மெல்ல நடப்பதுதான் ‘அண்டர்மைன்’. ஒரு வாரக் காய்ச்சல் உடம்பை ‘வீக்கன்’ செய்யும். வருடக்கணக்கில் தூங்காமல் உழைப்பது உடல்நலத்தை ‘அண்டர்மைன்’ செய்யும். புயல் தானாகவே ‘வீக்கன்’ ஆகலாம். ‘அண்டர்மைன்’ அப்படித் தனியே நிற்காது, எதை என்று சொல்லியாக வேண்டும்: அதிகாரத்தை, நம்பிக்கையை, முயற்சியை. பாலில் தண்ணீர் கலப்பது இரண்டும் இல்லை, அது ‘டைல்யூட்’.

இந்தச் சொல்லுக்குக் ‘குறைமதிப்பிற்கு உட்படுத்துகிறது’ என்று ஒரு தமிழ் இப்போது எங்கும் உலவுகிறது. மொழிபெயர்ப்பு இயந்திரம் பெற்ற பிள்ளை அது. யாரையும் குறைத்து மதிப்பிடுவதல்ல இங்கே பேச்சு. ‘குழிபறிக்கிறான்’ என்று திண்ணையில் உட்கார்ந்தவர் சொல்வதை எழுத, மேசையில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவருக்கு ஏன் கை வரவில்லை?

ஆனால் குழிபறிக்க ஆள் வேண்டும், கெட்ட எண்ணமும் வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வெள்ளம் பாலத்தூணின் அடிமணலை வாரிக்கொண்டு போனாலும் பொறியாளர் ‘அண்டர்மைன்’ என்றே எழுதுவார். பாலாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு அதற்குச் சொல் தேட வேண்டியதில்லை: அரித்தல். 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்குப் புது மாதிரித் தலைப்பாகை வந்தது. அணிவகுப்பில் சாதிக்குறி கூடாது, தாடி கூடாது என்ற விதிகளும் வந்தன. மேலதிகாரிகள் நினைத்தது ஒழுங்கை; நடந்தது 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்களின் எழுச்சி. இதை எழுதும்போது, ‘உத்தரவு சிப்பாய்களின் நம்பிக்கைக்குக் குழிபறித்தது’ என்றால் பிழை. ‘நம்பிக்கையை அரித்தது’ என்றால் சரி. அதே ஆங்கில வினை, கூட இருந்தே காலை வாருகிற சக ஊழியரைப் பற்றி வந்தால், தயங்காமல் ‘குழிபறித்தார்’ என்றே எழுதுங்கள்.